நீலுவுக்கு ஒரு ஜபலா: போர்டு இல்லாத ஒரு டெய்லர் கடை

போன மாசி மாதம், நாய்க்குப் பனியன் தைத்துத் தர முடியுமா என்று கேட்டுக்கொண்டு திருப்பூரில் நான் ஏறி இறங்கிய பவர் டேபிள்கள், அதாவது பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் தையல் யூனிட்கள், ஐந்தாறு இருக்கும். கம்பெனி வேலையே முடியவில்லை, இதில் நாய்க்கு எங்கே தைப்பது என்றார்கள். அவர்கள் சொன்னதில் தப்பில்லை. ஷிப்மென்ட் நேரத்தில் ஒரே ஒரு பீஸுக்காக மெஷினை நிறுத்தி நூல் மாற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கே தெரியும். கடைசியில் காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில், வீட்டு முன்வாசலில் நாலு மெஷின் போட்டிருக்கும் ஓர் அக்காவிடம் போய்ச் சேர்ந்தேன். அவர், "நாயைக் கூட்டிட்டு வாங்க அம்மிணி, பார்க்காம எப்படிச் சொல்றது" என்றார். அவருடைய வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன். ஏழு மாதமாக அவர் தைத்த நாலு பனியன்களையும் மாற்றி மாற்றிப் போட்டு, துவைத்து, பார்த்துவிட்டேன்.

கடைக்குப் பெயரும் கிடையாது, போர்டும் கிடையாது. இரண்டு ஓவர்லாக் (துணி ஓரத்தைச் சுற்றித் தைப்பது), ஒரு ஃபிளாட்லாக் (மேடு தெரியாமல் தட்டையாகத் தைப்பது), ஒரு சிங்கர் மெஷின். கம்பெனிகளிலிருந்து வரும் பச்சைக் குழந்தை உடுப்புகளைப் பீஸ் ரேட்டுக்குத் தைத்துக் கொடுப்பதுதான் தொழில். தன் பெயரையும் நம்பரையும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஆட்கள் தேடி வந்தால் கம்பெனி வேலை தள்ளிப்போகும் என்ற கவலை அவருக்கு. அதனால் அவர் என்ன செய்தார், ஏன் அப்படிச் செய்தார் என்பதை அளவுகளோடு சொல்லிவிடுகிறேன். உங்கள் ஊரில் பனியன் துணி தைக்கத் தெரிந்த யாரிடமும் இதைக் காட்டித் தைத்துக்கொள்ளலாம்.

நான் இருபது வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறேன். டேபிளில் விரித்த துணியில் ஓட்டை, ஆயில் கறை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்து, அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்பது என் வேலை. அந்தக் கண் வீட்டுக்கு வந்தாலும் மூடுவதில்லை. எங்கள் நாய் நீலுவின் முதுகில் முதலில் முடி குறைந்ததை நான்தான் பார்த்தேன்.

நீலு டாஷ்ஹண்ட், குட்டைக் காலும் நீள உடம்புமாக இருக்கும் இனம். மூன்று வருடத்துக்கு முன்னால் என் தம்பி வாங்கி வந்தான். கறுப்புக் குட்டிகளை விட இரண்டு மடங்கு விலை. "புளூ அண்ட் டான், அபூர்வமான கலர்" என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். நீலம் என்றால் பட்டுப்புடவை நீலம் இல்லை, சிலேட்டுப் பலகையைத் துடைத்ததும் வருமே, அந்தச் சாம்பல் நீலம். புருவத்துக்கு மேல் இரண்டு பொட்டு, நெஞ்சு, நாலு பாதம், வாலுக்குக் கீழ், இவை மட்டும் வெல்லத்தின் நிறம். இரண்டு மாதக் குட்டியாக வந்தபோது மேலே கை வைத்தால் வெல்வெட் மாதிரி இருக்கும். முடியில் ஒரு குறையும் இல்லை.

எட்டாவது மாதம் முதுகில் நடுக்கோடு நெடுக முடி மெலிந்தது. பலமுறை துவைத்த பனியன் நைந்து போவது போல, ஓட்டை விழாமல், எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக. அப்புறம் விலா, தொடை, காது நுனி. தோல் செதில் செதிலாக உரிந்தது. ஆங்காங்கே சின்னச் சின்னக் கொப்புளம். அவன் பெரிதாகச் சொறியவில்லை, தீனியும் குறையவில்லை. அதனாலேயே எனக்குக் குழப்பம். ஒரு ஆஸ்பத்திரியில் சொறி என்று ஊசி போட்டார்கள். இன்னொரு ஆஸ்பத்திரியில் படர்தாமரை என்று ஒன்றரை மாதம் மாத்திரை. தைராய்டாக இருக்கலாம் என்று ரத்தம் எடுத்தார்கள், அது சரியாகவே இருந்தது. ஒரு வருடம் இப்படிப் போயிற்று. தெருவில் குழந்தைகளை அவன் பக்கம் விடமாட்டார்கள். ஒட்டிக்கொள்ளும், எங்காவது கொண்டுபோய் விட்டுவிடு என்று நேரிலேயே சொன்னவர்கள் உண்டு. டேமேஜ் பீஸைத் தனியே தூக்கி வைப்பதுதான் என் தொழில். ஆனால் இவனைப் பார்த்து யாராவது அப்படிச் சொன்னால் எனக்குத் தொண்டை அடைத்துவிடும்.

பிறகு கோயம்புத்தூரில் நாய்களுக்குத் தோல் வைத்தியம் மட்டும் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் போனோம். அவர் முதலில் தோலைச் சுரண்டிப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. பூஞ்சைக்கும் பார்த்தார், இல்லை. அப்புறம் முதுகிலிருந்து நாலு சாம்பல் முடி, நெஞ்சிலிருந்து நாலு வெல்ல நிற முடி பிடுங்கினார். இரண்டையும் ஒரே கண்ணாடித் துண்டில், எண்ணெய் சொட்டு விட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார்.

வெல்ல நிற முடி நல்ல நூல் மாதிரி ஒரே சீராக இருந்தது. சாம்பல் முடிக்குள் கறுப்புக் கறுப்பாகக் கட்டிகள். கட்டி இருக்கும் இடத்தில் முடி புடைத்திருந்தது. ஒரு முடி அந்தப் புடைப்பிலேயே ஒடிந்திருந்தது. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. சாயப் பட்டறையில் சாயம் சீராகக் கரையாமல் திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொண்ட துணி இப்படித்தான் இருக்கும்.

டாக்டரம்மா சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான். முடிக்கு நிறம் தரும் மெலனின், தோலில் உள்ள செல்களில் உருவாகி, அங்கிருந்து நகர்ந்து வந்து முடிக்குள் சீராகப் பரவவேண்டும். அப்படி நகர்த்திக் கொண்டுவரும் வேலையில் மெலனோஃபிலின் என்ற புரதத்துக்குப் பங்கு இருக்கிறது. அந்தப் புரதத்துக்கான மரபணுவில் பிழை இருந்தால் நிறம் நகராமல் ஓரிடத்தில் கட்டி தட்டிப்போகும். கட்டி தட்டிய கறுப்பு நம் கண்ணுக்குச் சாம்பல் நீலமாகத் தெரியும். சாக்லேட் நிறம் இப்படி ஆனால் வெளிறிய பழுப்பாகத் தெரியும், அதை இசபெல்லா என்று பெயர் வைத்து விற்கிறார்கள். 2007-ல் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். நீலுவை அபூர்வம் என்று விற்ற கலரும் இதே பிழையிலிருந்து வந்ததுதான்.

நீல நாய்கள் எல்லாவற்றுக்கும் முடி கொட்டிவிடாது. வைமரானர் இனத்து நாய்கள் அத்தனையும் இதே பிழையோடுதான் பிறக்கின்றன, ஆனாலும் அவற்றின் முடி நன்றாகவே இருக்கிறது. நீல டாபர்மேன்களிலோ பெரும்பாலானவற்றுக்குக் கொட்டிவிடுகிறது. டாஷ்ஹண்ட், யார்க்‌ஷயர் டெரியர், இத்தாலியன் கிரேஹவுண்ட் இனங்களிலும் உண்டு. அதனால் டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் நாய்க்கு இந்தப் பிழை இருக்கிறதா என்று தெரியும், முடி கொட்டுமா என்று அது சொல்லாது. குட்டி பிறக்கும்போது நல்ல முடியோடுதான் பிறக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து மூன்று வயதுக்குள் தொடங்கும். இதற்குக் கலர் டைலூஷன் அலோபீசியா என்று பெயர். ஒட்டாது. உயிருக்கு ஆபத்து இல்லை. குணமாகவும் ஆகாது.

"ஒட்டாது" என்று அவர் சொன்னதைப் பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தேன். இன்றைக்கும் அந்தப் பேப்பர் முன்வாசல் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருக்கிறது.

தாய், தகப்பன் இரண்டுமே அந்தப் பிழையைச் சுமந்திருந்தால்தான் குட்டிக்கு வரும். இரண்டும் கறுப்பாகவே இருக்கலாம், பார்த்தால் தெரியாது. நாலு குட்டியில் ஒன்றுக்கு என்ற கணக்கில் நீலம் விழ வாய்ப்பு உண்டு. நீலுவைக் கிராஸிங்குக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், கலருக்காகப் பணமும் கூடுதலாகத் தருகிறேன் என்றார்கள். தம்பி கொஞ்சம் யோசித்தான். நான் அடுத்த வாரமே நீலுவுக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டேன்.

சரி, பனியனுக்கு வருகிறேன். டாக்டரம்மா கொடுத்த குறிப்பில் மருந்து குறைவு, பழக்கம்தான் அதிகம். வாரம் ஒருமுறை பென்சாயில் பெராக்சைடு கலந்த ஷாம்பூ, பத்து நிமிடம் ஊறவிட்டு அலசவேண்டும். முடிக்குழிகளில் அடைத்துக்கொண்டிருப்பதை அது வெளியேற்றும், ஆனால் தோலை வறட்டும், அதனால் பின்னாலேயே ஈரப்பதம் தரும் ஸ்ப்ரே. மீன் எண்ணெய் கேப்ஸ்யூல். நைலான் பிரஷ் கூடவே கூடாது, இருக்கிற முடியும் ஒடியும். திடீரென்று சொறிய ஆரம்பித்தால் கிருமி சேர்ந்துவிட்டது என்று அர்த்தம், உடனே வரவேண்டும். கடைசியாக வெயில். முடி இல்லாத தோல் வெயிலில் வெந்துபோகும். மனிதர்கள் பூசும் சன்ஸ்க்ரீனில் ஜிங்க் ஆக்சைடு இருந்தால் நாய் நக்கி விஷமாகிவிடும், அதைத் தொடாதீர்கள், மெல்லிய பருத்திச் சட்டை போடுங்கள் என்றார்.

நீலுவுக்கு வெயில் காய்வதுதான் உயிர். காலை பத்து மணிக்கு வாசல்படியில் சூரியன் விழும் இடத்தைத் தேடிப்போய்ப் படுப்பான். உள்ளே தூக்கிவந்து போட்டால் திரும்ப அங்கேயே போவான். போன வருடம் சித்திரையில் அவன் முதுகு சிவந்து தோல் உரிந்ததைப் பார்த்தபிறகுதான் சட்டை தேட ஆரம்பித்தேன்.

முதலில் ஆன்லைனில் மூன்று வாங்கினேன், கம்பெனிப் பெயர் வேண்டாம். மூன்றும் பாலியெஸ்டர் கலந்தவை. கழுத்தில் தைத்த லேபிள் அரை மணி நேரத்தில் அவன் பிடரியைச் சிவக்க வைத்தது. வயிற்றுக்குக் கீழே வெல்க்ரோ. அதன் கொக்கிப் பக்கம் மிச்சமிருந்த முடியையும் பிய்த்துக்கொண்டு வந்தது. வயிறு முழுக்க மூடியிருந்ததால் ஒவ்வொரு தடவை காலைத் தூக்கும்போதும் நனைந்தது. டாஷ்ஹண்ட் நீளத்துக்கு அந்தச் சட்டைகள் பாதி முதுகில் நின்றுவிட்டன. வெயில் படும் பின்முதுகு அப்படியே வெளியில். செக்கிங்கில் இருந்தால் மூன்றையும் ரிஜெக்ட் என்று போட்டிருப்பேன்.

அதனால்தான் பவர் டேபிள் பவர் டேபிளாக அலைந்தேன்.

நீலுவைக் கூட்டிக்கொண்டு போனபோது அக்கா மெஷினை விட்டு எழுந்து வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டேப்பை எடுப்பதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டார். "தொட்டா எரியுதுங்களா இவனுக்கு?" என்று கேட்டார். எரியாது என்றதும் முதுகைத் தடவிப் பார்த்துக்கொண்டே போனார். பிறகு நெஞ்சைத் தடவினார், பாதத்தைத் தூக்கிப் பார்த்தார், புருவத்துப் பொட்டைத் தொட்டார். "ஏனுங்க அம்மிணி, பழுப்பா இருக்கிற இடத்துல எல்லாம் முடி நல்லாத்தான இருக்குது. கறுப்பு இருக்க வேண்டிய இடத்துலதான போயிருக்குது" என்றார். டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் காட்டியதை இவர் கையாலேயே கண்டுபிடித்துவிட்டார். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது.

"அப்ப முதுகுக்குத்தான் துணி வேணும். நெஞ்சுக்கும் வயித்துக்கும் எதுக்கு?" என்று கேட்டு, ஒரு அட்டையில் வெட்டுமுறை வரைய ஆரம்பித்தார். எங்கே முடி போயிருக்கிறதோ அதுதான் அவருக்கு வரைபடம்.

அளவு சொல்கிறேன். நீலு எட்டரை கிலோ. கழுத்து பதின்மூன்றரை இஞ்ச், நெஞ்சின் அகலமான இடத்தில் பத்தொன்பது, பிடரியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை பதினேழு. மனிதச் சட்டைக்கு இது போதும். நாய்க்கு இன்னும் இரண்டு அளவு வேண்டும் என்றார் அக்கா. ஒன்று, இரண்டு முன்னங்கால்களுக்கும் நடுவில் எத்தனை இஞ்ச் (நீலுவுக்கு நாலு). இன்னொன்று, கழுத்துக் குழியிலிருந்து நெஞ்செலும்பு முடியும் இடம் வரை. நமக்குக் கை பக்கவாட்டில் தொங்குகிறது, நாய்க்கு முன்னங்கால் நெஞ்சுக்குக் கீழே இறங்குகிறது. கைவாயைப் பக்கத்தில் வெட்டினால் நடக்கும்போது அக்குளில் அறுக்கும். ஆன்லைனில் வாங்கிய சட்டைகளில் அவன் ஏன் தத்தித் தத்தி நடந்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. இவர் கைவாயைக் கீழே இறக்கி, ரேக்லான் கையாக, அதாவது கழுத்திலிருந்தே தொடங்கும் கையாக, வெட்டினார். தோள்மூட்டில் தையலே வராது.

துணி நெஞ்செலும்பு முடிகிற இடத்தோடு வயிற்றுப் பக்கம் நின்றுவிடும். முதுகுப் பக்கம் வால் வரை போகும். ஓரம் லேசாக வளைந்து தொடையை மூடும். ஏழு மாதத்தில் ஒருமுறை கூடச் சிறுநீரில் நனையவில்லை.

தையல் விஷயத்தில் அவர் பச்சைக் குழந்தைக்குத் தைக்கிற முறையை அப்படியே எடுத்துக்கொண்டார். "ஜபலா மாதிரி தைச்சிடலாங்க, தையல் வெளிப்பக்கம் இருக்கட்டும்" என்றார். ஓவர்லாக் ஓரங்கள் எல்லாம் தோலில் படாமல் வெளியில். முக்கியமான இரண்டு இணைப்புகள் மட்டும் ஃபிளாட்லாக், கையால் தடவினால் மேடு தெரியாது. முதுகு நடுவில் தையலே கிடையாது, ஒரே துண்டு. லேபிள் இல்லை. எலாஸ்டிக் இல்லை, கழுத்துக்கு ரிப் (இழுத்தால் விரியும் பின்னல் பட்டை) மட்டும். நான் வழக்கம்போல விளக்குக்குக் கீழே விரித்துப் பார்த்தேன். ஒரு இடத்தில் கூடத் தையல் விடவில்லை. நூல் நுனிகளைக்கூட ஒட்ட வெட்டியிருந்தார்.

முதல் சாம்பிளில் ஒரு தவறு நடந்தது. போட்டுக் கழற்ற வசதியாக நெஞ்சுக்குக் கீழே மூன்று பிரஸ் பட்டன் வைத்தார். டாஷ்ஹண்ட் உயரம்தான் உங்களுக்குத் தெரியுமே, படுத்தால் பட்டன் மேலேயே படுக்கிறான். இரண்டே நாளில் மூன்று வட்டமாகச் சிவந்துவிட்டது. கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா மறுபேச்சுப் பேசாமல் பட்டனை இடது விலாவுக்கு மேலே ஏற்றி, உட்பக்கம் ஒரு துண்டுத் துணி வைத்து மூடித் தைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. "படுக்கறப்ப எப்படிப் படுப்பான்னு நான் கேட்டிருக்கணும்" என்றார். அன்றிலிருந்து எந்த இடத்திலும் சிவக்கவில்லை.

துணியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதில் நானே தப்பு செய்தேன். அக்கா முதலில் காட்டன் லைக்ரா காட்டினார். நன்றாக இழுக்கும், ஆனால் உடம்போடு ஒட்டும், நம் ஊர் வெக்கைக்கு ஆகாது. 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம் எடை) சிங்கிள் ஜெர்சி என்ற மெல்லிய பனியன் துணி, முழுப் பருத்தி, பயோ வாஷ் செய்தது, அதைத் தேர்ந்தெடுத்தோம். பயோ வாஷ் செய்தால் துணி மேலே உள்ள சின்னச் சின்ன இழைகள் போய் வழவழவென்று ஆகும். முடி ஒடியும் தோலுக்கு அது நல்லது. நிறம் நான்தான் சொன்னேன், நேவி புளூ. அவனுடைய பழைய நிறத்துக்கு அது கிட்டத்தில் இருக்கும் என்று ஆசைப்பட்டேன்.

மூன்றாவது வாரம் அந்த நேவி பனியனில் முதுகுப் பக்கம் செம்மண் நிறத்தில் திட்டுத் திட்டாக வெளுப்பு. எனக்குக் கோபம் வந்துவிட்டது. சாயம் சரியில்லாத துணியைக் கொடுத்துவிட்டீர்கள் என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு வெள்ளைத் துணித்துண்டை நனைத்து நேவித் துணி மேல் பத்துத் தடவை தேய்த்தார். வெள்ளைத் துணியில் ஒரு பொட்டுச் சாயம் கூட ஏறவில்லை. "சாயம் போகலைங்க அம்மிணி. எதோ வெளுக்குது" என்றார். டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். பென்சாயில் பெராக்சைடு துணியை வெளுக்கும், ஷாம்பூ முழுக்க அலசாமல் தோலில் மிச்சம் இருந்திருக்கும் என்றார். மறுநாள் காலையில் நேரில் போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். இந்த ஷாம்பூ போடுகிறவர்கள் நாயைத் துவட்டும் டவல், பெட்ஷீட், உங்கள் நைட்டி எல்லாவற்றையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு ஹாஃப் ஒயிட்டுக்கு மாறினோம். அதிலும் ஒரு சிக்கல். துணியை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தால் பின்னாலிருந்த என் விரல்கள் தெரிந்தன. வெளிச்சம் உள்ளே வந்தால் வெயிலும் வரும். மெல்லிய வெளிர்நிறப் பனியன் துணி அடர்நிறத் துணி அளவுக்கு வெயிலைத் தடுக்காது. முழுவதும் கனமான துணியாகப் போட்டால் அவனுக்குப் புழுங்கும். இதற்கு அக்கா சொன்ன வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. முதுகில் வால் வரை உள்ள நீளத்துண்டு மட்டும் இரண்டு அடுக்கு, பக்கங்களும் கையும் ஒற்றை அடுக்கு. தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், விரல் தெரியவில்லை. மூன்றாவது, நாலாவது பனியன்கள் இரண்டும் இப்படித்தான்.

பலன் என்ன என்று கேட்பீர்கள். பனியன் போட்டதால் முடி வளரவில்லை, வளரவும் வளராது. யாராவது அப்படிச் சொல்லி எண்ணெயோ மாத்திரையோ சட்டையோ விற்றால் வாங்காதீர்கள். இந்தச் சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் நீலு வாசல்படியில் வழக்கம்போலப் படுத்தான், முதுகு ஒருமுறை கூட உரியவில்லை. கொப்புளங்கள் ரொம்பவே குறைந்துவிட்டன. அதில் ஷாம்பூவுக்கும் மீன் எண்ணெய்க்கும் பங்கு உண்டு, எல்லாப் பெருமையையும் பனியனுக்குக் கொடுக்கமாட்டேன். காது நுனிக்கு இந்தப் பனியனால் ஒன்றும் செய்ய முடியாது. தொப்பி மாதிரி ஒன்று தைத்துப் பார்த்தோம், இரண்டு நிமிடத்தில் காலால் தள்ளிவிட்டான். பதினொரு மணிக்கு மேல் அவனை உள்ளே வைத்துக்கொள்வதுதான் காதுக்கு ஒரே வழி.

நாள் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். நாய் வாயைத் திறந்து இரைத்துத்தான் சூட்டை வெளியேற்றுகிறது, அதற்குமேல் துணியும் இருந்தால் உடம்பு சீக்கிரம் சூடாகிவிடும். வெளியில் இருக்கும்போது மட்டும் போடுகிறேன், உள்ளே வந்ததும் கழற்றிவிடுவேன். ஒருநாள் போட்டதை மறுநாள் போடமாட்டேன். ஈரம் முழுக்கக் காயாத பனியனைப் போட்டால் பூஞ்சை வரும், நாலு பனியன் வைத்திருப்பதற்குக் காரணம் அதுதான். துவைக்கும் சோப்பு நன்றாக அலசிப் போகவேண்டும், கம்ஃபோர்ட் மாதிரி வாசனைத் திரவங்களை நான் சேர்ப்பதில்லை.

குறைகளும் சொல்லவேண்டும். கழுத்து ரிப் பதினைந்து, இருபது துவைப்புக்கு மேல் தளர்ந்துவிடுகிறது. நீலு குனியும்போது முன்னங்காலில் மாட்டும் அளவுக்கு இறங்கியது, ஒரு பனியனுக்கு ரிப் மாற்ற வேண்டியிருந்தது. முதல் துவைப்பில் நீளம் முக்கால் இஞ்ச் சுருங்கிவிட்டது. கட் பீஸ் துணியில் இந்தத் தொல்லை உண்டு. துணியை ஒருமுறை நனைத்துக் காயவைத்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள், அடுத்த மூன்றுக்கும் நான் அப்படித்தான் செய்தேன். பெரிய குறை நேரம். "வெள்ளிக்கிழமை வாங்க" என்றால் அடுத்த வெள்ளியா, அதற்கடுத்த வெள்ளியா என்று தெரியாது. கம்பெனி லாட் வந்துவிட்டால் நம் வேலை ஓரத்துக்குப் போய்விடும். இரண்டாவது பனியனுக்கு இருபத்து மூன்று நாள் காத்திருந்தேன். அந்த நாட்களில் நீலு முதுகில் என் பழைய பருத்தித் துண்டைப் போர்த்தி, கழுத்தில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

விலை: அவருடைய துணியில் ஒற்றை அடுக்கு 200 ரூபாய், முதுகு இரண்டு அடுக்கு என்றால் 240. நம் துணி கொடுத்தால் தையல் கூலி 120. ஆன்லைனில் ஒவ்வொன்றுக்கும் நான் கொடுத்தது இதைவிட இரண்டு, மூன்று மடங்கு. அட்டை வெட்டுமுறையை எனக்கு ஒரு காப்பி எடுத்துக் கொடுத்தார், அதற்குத் தனியாகக் காசு கொடுத்தேன், வாங்க மறுத்தார், மெஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

ஒரு விஷயம் என் மனதிலிருந்து போகவே இல்லை. ஹாஃப் ஒயிட் பனியன் போட்டுக்கொண்டு முதல் நாள் தெருவில் நடந்தபோது, மூன்றாம் வீட்டுச் சின்னப் பெண் ஓடிவந்து அவனைத் தொட்டாள். அவள் அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை. நான் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த டாக்டரின் பேப்பரைப் பலமுறை அவரிடம் காட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்தக் குழந்தை அவனைத் தொட்டது. நீலு வாலை ஆட்டிய வேகத்தில் பனியனின் பின் ஓரம் ஏறி ஏறி இறங்கியது. மறுநாள் போய் அக்காவிடம் சொன்னேன். "அப்ப அங்க கொஞ்சம் இறக்கிக் குடுக்கட்டுங்களா?" என்று கேட்டார்.

இப்போது மார்கழிக் குளிருக்கு இன்டர்லாக் என்ற கொஞ்சம் தடித்த பனியன் துணியில் ஒன்று கேட்டிருக்கிறேன், பின் ஓரத்தை அரை இஞ்ச் இறக்கச் சொல்லி. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.